மேகத்தின் மேல்பாதிதான் புதர்: சூப்பர் மரியோவில் கண்ணுக்குத் தப்பும் கணக்குகள்

1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் கேம் முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். நிரல், 32 லெவல்களின் அமைப்பு, இசை எல்லாம் சேர்த்து 32 கிலோபைட். திரையில் தெரியும் படங்கள் அத்தனைக்கும் மீதி 8 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைப் போல ஐம்பது மடங்கு இடத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். மரியோவைப் பற்றித் துணுக்குகளாகச் சுற்றிவரும் பல விஷயங்களுக்கு இந்த இட நெருக்கடிதான் மூலம். எந்தக் கணக்கால் அப்படி ஆனது என்று தெரிந்துவிட்டால், அந்தத் துணுக்குகள் விளையாடும்போதே கைகொடுக்கும்.

முதலில் படங்கள். இந்த கேம் ஓடிய நிண்டெண்டோ கருவியான ஃபேமிகாம் திரையில் காட்டுவது எல்லாமே 8 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரம் கொண்ட சிறு கட்டங்கள். ஒரு கட்டத்துக்கு 16 பைட். 8 கிலோபைட்டில் 512 கட்டங்கள் கிடைக்கும். 256 பின்னணிக்கு, 256 அசையும் உருவங்களுக்கு. சின்ன மரியோ ஒரு நிலையில் நிற்கவே 4 கட்டங்கள் வேண்டும், பெரிய மரியோவுக்கு 8. ஓட, குதிக்க, நீந்த, திரும்ப, கொடிக்கம்பத்தைப் பிடித்து இறங்க என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் வைத்தால் எதிரிகளுக்கு மிச்சம் இருக்காது. அதனால் எங்கெல்லாம் ஒரு படத்தை இரண்டு வேலைக்கு வாங்க முடியுமோ அங்கெல்லாம் வாங்கியிருக்கிறார்கள்.

மேகமும் புதரும் ஒரே படம் என்பது பலருக்குத் தெரியும். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால், புதர் என்பது மேகத்தின் மேல்பாதி மட்டும். மேகத்துக்குக் கீழே ஒரு வரிசை கூடுதலாக உண்டு; புதருக்கு அந்த இடத்தில் தரை வந்துவிடுகிறது. வெள்ளையும் நீலமும் இருந்த இடத்தில் இரண்டு பச்சை வந்தால் மேகம் புதராகிவிடும். இது சாத்தியமானது எப்படி என்றால், ஒரு கட்டத்தின் படத்தில் நிறமே கிடையாது. "முதல் நிறம், இரண்டாம் நிறம், மூன்றாம் நிறம்" என்ற எண்கள் மட்டும்தான் இருக்கும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது வேறோர் இடத்தில், நிறத்தட்டில் இருக்கிறது. தட்டை மாற்றினால் பொருளே மாறிவிடும். வளர்க்கும் காளானும் உயிர் கொடுக்கும் காளானும் இப்படித்தான் ஒரே படத்தில் பிறந்தவை.

கேள்விக்குறிப் பெட்டி மினுமினுப்பதும் நிறத்தட்டின் வேலைதான். பெட்டியின் படம் ஒருபோதும் மாறுவதில்லை. தட்டில் ஒரே ஒரு நிறத்தை ஆறு படிகளில் மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்: மூன்று படிகள் பளிச்சென்று, பிறகு மங்கி, இன்னும் மங்கி, மீண்டும் ஏறி. அதனால்தான் துடிப்பு சீராக இல்லாமல், வெளிச்சத்தில் கொஞ்சம் நின்று பிறகு சட்டென்று மூச்சுவிடுவது போலத் தெரிகிறது. காற்றில் மிதக்கும் நாணயங்களும் அதே தட்டைப் பயன்படுத்துவதால் பெட்டியும் நாணயமும் ஒரே தாளத்தில் மினுக்கும். இரண்டும் ஒரே திரையில் இருக்கும்போது பார்த்தால் புரியும்.

காளான் வடிவ எதிரியான கூம்பா நடப்பதைப் பாருங்கள். இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைப்பதாகத் தோன்றும். உண்மையில் இருப்பது ஒரே படம். அதை இடவலமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்; நம் கண் அதை நடை என்று எடுத்துக்கொள்கிறது. நட்சத்திரத்துக்கு அதைவிடச் சிக்கனம்: இடப்பாதிதான் வரையப்பட்டது, வலப்பாதி அதன் கண்ணாடிப் பிம்பம்.

பின்னணியிலும் இதே கைக்கணக்கு. மேகங்கள், மலையும் புதரும், மரமும் வேலியும் என்று மூன்றே பின்னணி வகைகள். ஒவ்வொன்றும் 48 பத்தி (செங்குத்து வரிசை) நீளம். ஒரு திரைக்கு 16 பத்தி என்பதால் மூன்று திரைக்கு ஒருமுறை அதே மலை, அதே புதர், அதே மேகம் அதே வரிசையில் திரும்ப வரும். 1-1இல், அதாவது முதல் உலகத்தின் முதல் லெவலில், தொடக்கத்தில் இருக்கும் பெரிய மலையை அடையாளம் வைத்துக்கொண்டு ஓடினால், எத்தனை திரை கடந்தோம் என்பதைக் கணக்கு வைக்க அதுவே மைல்கல்.

இந்தக் கணக்கு வீண் போகாது. இந்த கேமில் பாதிவழிச் சேமிப்பு இடம் உண்டு. ஆனால் பிற்கால மரியோக்களில் இருப்பது போல அதற்குக் கொடியோ வாசலோ கிடையாது. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு திரை எண் மட்டும் நிரலில் எழுதப்பட்டிருக்கிறது. 1-1க்கு அந்த எண் 5. திரையின் இடது ஓரம் ஐந்து முழுத் திரைகளைக் கடந்த பிறகு உயிர் போனால் அங்கிருந்து தொடங்கலாம். அதற்கு ஓர் அடி முன்னால் போனாலும் முதலிலிருந்துதான். கோட்டை லெவல்களுக்கும் எட்டாம் உலகம் முழுவதற்கும் இந்த எண் சுழி. அதாவது 8-1, 8-2, 8-3 எதிலும் பாதிவழி கிடையாது. எட்டாம் உலகம் அவ்வளவு கொடுமையாக இருப்பதற்கு எதிரிகளின் எண்ணிக்கையை விட இந்தச் சுழிக்குப் பங்கு அதிகம் என்றே சொல்லவேண்டும்.

லெவல்களும் மறுபயன்பாடுதான். 5-3 என்பது 1-3. 5-4 என்பது 2-4. 6-4 என்பது 1-4. 7-2, 7-3 இரண்டும் முறையே 2-2, 2-3. வரைபடம் அப்படியே, 5-3இலிருந்து ஒரு "கடின" குறி இயக்கப்படுகிறது. அந்தக் குறி விழுந்ததும் அசையும் பலகைகள் குட்டையாகிவிடும், முன்பு ஒளித்துவைக்கப்பட்ட எதிரிகளும் எழுந்து வருவார்கள். 1-3 கைவந்தவருக்கு 5-3இல் கால் தவறுவது இதனால்தான்: குதிக்கும் இடம் பழகியது, இறங்கும் இடம் சுருங்கியது.

இனி, ஆடுபவருக்கு நேரடியாகப் பயன்படும் ஒன்று. 1-1இல் முதல் பள்ளத்துக்குச் சற்று முன்னால் கண்ணுக்குத் தெரியாத பெட்டி ஒன்றில் உயிர்க்காளான் இருக்கும். 2-1, 3-1 என்று ஒவ்வோர் உலகத்தின் முதல் லெவலிலும் இதே மாதிரி ஒரு பெட்டி உண்டு. ஆனால் பலர் அதே இடத்தில் குதித்துப் பார்த்து ஒன்றும் இல்லாமல் போவார்கள். பெட்டி தோன்ற ஒரு நிபந்தனை இருக்கிறது. முந்தைய உலகத்தின் மூன்றாம் லெவலில் போதுமான நாணயங்கள் எடுத்திருக்க வேண்டும். 2-1இன் பெட்டிக்கு 1-3இல் 21 நாணயம், 3-1இன் பெட்டிக்கு 2-3இல் 35, 4-1க்கு 3-3இல் 22. இங்கே இரண்டு இடத்தில் கணக்கு தவறும். காற்றில் மிதக்கும் நாணயங்கள் மட்டுமே இந்த எண்ணிக்கையில் சேரும்; பெட்டியை முட்டி எடுத்தவை ஸ்கோருக்குப் போகுமே தவிர இதற்கு வராது. நடுவில் உயிர் போனால் எண்ணிக்கை சுழியிலிருந்து தொடங்கும், அதனால் பாதிவழியிலிருந்து தொடர்ந்தவருக்கு மீதியிருக்கும் நாணயங்கள் போதாமல் போகலாம்.

பெட்டியைக் கடந்த பிறகும் ஒரு சிக்கல். அந்த இடம் திரையில் ஏற்றப்பட்ட உடனேயே அனுமதிக் குறி அழிந்துவிடுகிறது. நீங்கள் முட்டினாலும் முட்டாவிட்டாலும் கேமுக்கு ஒன்றுதான். ஆகவே 1-1இல் பெட்டியைத் தாண்டி ஓடி, உயிர் போய், முதலிலிருந்து வந்தால் அது அங்கே இருக்காது. உலகங்களைத் தாண்டவைக்கும் குழாய்கள் உள்ள ரகசிய இடமான வார்ப் ஸோன் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சலுகை: வார்ப் குழாயில் இறங்கும்போதே அந்தக் குறி தானாக இயங்கிவிடும். 1-2இலிருந்து நேரே 4-1 போனால் நாணயமே எடுக்காமல் அங்கே உயிர்ப்பெட்டி காத்திருக்கும்.

வார்ப் ஸோன் என்றதும் "மைனஸ் உலகம்" நினைவுக்கு வரும். இதைப் பற்றிய கதைகள் ஏராளம். உள்ளே நடப்பது என்னவென்று பார்த்தால் கதைகளை விடச் சுவையாக இருக்கிறது. 1-2இன் வார்ப் ஸோனில் மூன்று குழாய்கள்: 4, 3, 2. 4-2இல் ஒரு வார்ப் ஸோனில் ஒரே குழாய்: 5. ஆனால் நிரலில் எல்லா வார்ப் ஸோனுக்கும் மூன்று எண் கொடுத்தாக வேண்டும். ஒற்றைக் குழாய்க்கு 5ஐ நடுவில் வைத்து, இரு பக்கமும் வெற்றிடம் வைத்தார்கள். கேமின் எழுத்துப் பட்டியலில் 0 முதல் 9 வரை இலக்கங்கள், 10 முதல் 35 வரை ஆங்கில எழுத்துகள், 36 வெற்றிடம். எனவே அந்த மூன்று எண்கள் 36, 5, 36.

1-2இன் முடிவில் செங்கல் சுவர் வழியாக நுழைந்து, வரவேற்பு வாசகம் திரையில் தோன்றுவதற்கு முன்பே குழாயில் இறங்கினால், கேம் 4, 3, 2 என்ற பட்டியலை இன்னும் ஏற்றியிருக்காது. 36, 5, 36 என்ற பட்டியலைத்தான் பார்க்கும். இடக்குழாயில் இறங்கியவர் 36ஆம் உலகத்துக்குப் போவார். உலக எண்ணை எழுதவேண்டிய இடத்தில் வெற்றிடம், அடுத்து ஒரு கோடு, அடுத்து 1. திரையில் "உலகம்  -1" என்று தெரியும். மைனஸ் என்று நாம் படிப்பது வெறும் இடைக்கோடு. நடுக்குழாயில் இறங்கியவர் ஒழுங்காக 5-1க்குப் போய்ச் சேர்வார் என்பதே இந்த விளக்கத்துக்குச் சான்று.

செய்யும் முறை: பெரிய மரியோவாக 1-2இன் இறுதியில் உள்ள வெளியேறும் குழாய்க்கு வாருங்கள். குழாயின் மேல் கூரையில் இருக்கும் செங்கற்களில், சுவரை ஒட்டிய ஒன்றை விட்டுவிட்டு அதற்கு இடப்பக்கம் உள்ளவற்றை உடையுங்கள். குழாயின் இடது ஓரத்தில், இடப்பக்கம் பார்த்தபடி குனிந்து நின்று, குனிந்தபடியே குதித்து வலப்பக்கம் நகர்த்துங்கள். மீதமுள்ள செங்கல்லின் மூலையில் உடல் சிக்கினால் கேம் மரியோவை வலப்பக்கமாகச் சுவருக்குள்ளேயே தள்ளிக்கொண்டு போகும். பெரும்பாலும் தவறுவது முகம் திரும்பிவிடுவதில்தான். வலப்பக்கம் பார்த்தபடி குதித்தால் வந்த வழியே வெளியே தள்ளிவிடும். உள்ளே போனதும் முதல் குழாயில் உடனே இறங்கிவிட வேண்டும். திரை இன்னும் வலப்பக்கம் நகர்ந்தால் வாசகம் வந்து பட்டியல் மாறிவிடும். போய்ச் சேரும் இடம் 2-2இன் நீர் லெவல்தான். அதன் முடிவில் உள்ள குழாய் மீண்டும் அதன் தொடக்கத்துக்கே கொண்டுவிடும். ஜப்பானில் டிஸ்க்கில் வந்த பதிப்பில் மட்டும் அது வேறு: அங்கே மூன்று லெவல்கள் வரிசையாக வந்து ஆட்டம் முடிவுக்கும் வரும்.

எண்களைச் சேமிக்கும் முறையே உயிர்களின் கணக்கையும் குழப்புகிறது. 3-1இன் இறுதிப் படிக்கட்டில் இறங்கிவரும் ஆமை எதிரியான கூப்பாவின் ஓட்டை, படிக்கட்டுக்கும் மரியோவின் காலுக்கும் இடையே மாறி மாறித் துள்ளவிட்டால் ஸ்கோர் 100இலிருந்து 8000 வரை ஏறி, அதன்பின் ஒவ்வொரு மிதிக்கும் ஓர் உயிர் கிடைக்கும். 10 உயிர் ஆனதும் பத்துகளின் இலக்கம் வரவேண்டிய இடத்தில் ஒரு கிரீடம் தோன்றும். 20க்கு மேல் போனால் கிரீடத்தை அடுத்து ஆங்கில எழுத்துகளும், பிறகு என்னவென்றே புரியாத துண்டுப் படங்களும் வரும். காரணம் மேலே சொன்ன அதே எழுத்துப் பட்டியல்: இலக்கங்கள் தீர்ந்ததும் அடுத்த கட்டத்தை எடுத்துக் காட்டுகிறது. ஆபத்து இதற்கு அப்பால் இருக்கிறது. உயிர் எண்ணிக்கைக்கு ஒரே பைட், அதிலும் பாதி எதிர்மறை எண்களுக்கு. 127ஐத் தாண்டிச் சேர்த்துக்கொண்டே போனால் கேம் அதை எதிர்மறை எண்ணாகப் படிக்கும். அடுத்தமுறை உயிர் போனதும் ஆட்டமே முடிந்துவிடும். திரையில் எண் படிக்கும்படி இருக்காது என்பதால், வாயால் எண்ணிக்கொண்டு 100ஐ ஒட்டி நிறுத்திவிடுவது நல்லது.

டைமர் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. 400 என்று தொடங்குவது 400 விநாடி இல்லை. ஓர் அலகு ஏறத்தாழ 0.4 விநாடி, அதாவது 24 ஃப்ரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படங்கள்). 400 அலகு என்பது 2 நிமிடம் 40 விநாடி. இது விநாடிக்கு 60 ஃப்ரேம் ஓடும் ஜப்பான், அமெரிக்கக் கருவிகளின் கணக்கு. நம் ஊரின் பழைய டிவிகள் 50 ஃப்ரேம் கொண்ட பால் (PAL) முறையைச் சேர்ந்தவை. அந்த வேகத்தில் அதே கேசட் ஓடினால் ஓர் அலகு 0.48 விநாடியாகி, மரியோவின் நடையும் இசையும் ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும். தொண்ணூறுகளின் டிவி கேமில் அப்படிப் பழகியவர்களுக்கு இன்று அசல் வேகம் அவசரமாகத் தெரிந்தால் அது முதுமையின் கோளாறு ஆகாது.

கொடிக்கம்பத்தைத் தொடும்போது டைமரின் கடைசி இலக்கம் 1, 3, 6 என்று இருந்தால் அதே எண்ணிக்கையில் வாணவேடிக்கை. ஒவ்வொன்றுக்கும் 500 புள்ளி. வேறு எந்த இலக்கத்துக்கும் கிடையாது. ஸ்கோர் சேர்ப்பவர் 6க்காகக் கம்பத்தின் முன் காத்திருக்கலாம். மீதமிருக்கும் ஒவ்வோர் அலகுக்கும் 50 புள்ளிதான் என்பதால் 3000க்காகச் சில அலகுகளை இழப்பது லாபமே. நேரத்துக்காக ஓடுபவர் இந்த மூன்று இலக்கங்களையும் தவிர்ப்பார், ஏனென்றால் வேடிக்கை முடியும்வரை அடுத்த லெவல் வராது.

கேமை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கப் போட்டியிடும் வேக ஓட்டக்காரர்கள் இன்னொரு கணக்கையும் கைவசம் வைத்திருப்பார்கள். கேமின் சில கடிகாரங்கள் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் குறைவதில்லை, 21 ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் குறையும். லெவல் மாற்றம் இந்தக் கடிகாரத்தை நம்பியிருக்கிறது. ஒரு லெவலை 5 ஃப்ரேம் முன்னதாக முடித்தும் அந்த 21 ஃப்ரேம் எல்லையைப் பிடிக்காவிட்டால், தாமதமாக வந்தவரோடு சேர்ந்தே அடுத்த லெவலுக்குள் போவீர்கள். எனவே மிச்சப்படுத்தினால் ஒரேயடியாக 0.35 விநாடி, இல்லையேல் ஒன்றுமே இல்லை. கடைசி லெவலான 8-4 மட்டும் விதிவிலக்கு: அதன் இறுதியில் உள்ள கோடரியைத் தொட்ட கணமே ஓட்டம் முடிகிறது, அங்கே ஒவ்வொரு ஃப்ரேமும் கணக்கில் வரும். 4 நிமிடம் 55 விநாடிக்குள் முடிக்கும் முன்னணி ஓட்டங்களில் ஒருவரை ஒருவர் முந்துவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கோட்டையில்தான்.

ஒலியிலும் சிக்கனம் உண்டு. குழாயில் இறங்கும் ஓசையும், அடிபட்டுச் சுருங்கும் ஓசையும் ஒன்றே. சின்ன மரியோ குதிக்கும் ஓசை கீச்சென்றும் பெரிய மரியோவினது கொஞ்சம் கனத்தும் இருக்கும். குதிக்கும்போது காது கொடுத்துக் கேட்டால் கோஜி கோண்டோவின் இசையில் ஒரு குரல் சில கணம் காணாமல் போய்த் திரும்புவது தெரியும். இசைக்கும் ஓசைக்கும் சேர்த்தே சில தடங்கள்தான் என்பதால், ஓசை வரும்போது இசை அந்தத் தடத்தை விட்டுக்கொடுக்கிறது.

கோட்டையின் இறுதியில் எதிரித் தலைவன் பவுசரை எல்லோரும் கோடரியைத் தொட்டு வீழ்த்திவிடுவதால் ஒரு ரகசியம் தப்பிவிடுகிறது. நெருப்பு மரியோவாக அங்கே சேர்ந்து ஐந்து நெருப்புருண்டை அடித்தால், முதல் ஏழு உலகங்களிலும் வேடம் கலைந்து வேறொரு எதிரி விழும். முதல் உலகத்தில் கூம்பா, இரண்டில் கூப்பா, மூன்றில் கறுப்பு ஓட்டு வண்டு, நான்கில் முள்ளன், ஐந்தில் லகிட்டு, ஆறில் கணவாய், ஏழில் சுத்தியல் வீசுபவன். எட்டாவதில்தான் உண்மையான பவுசர். ஒரே நேரத்தில் இரண்டு உருண்டைக்கு மேல் திரையில் இருக்காது என்பதால் தொலைவிலிருந்து சுடுவதை விட நெருங்கிச் சுடுவது வேகம்.

அடுத்த தலைமுறையில் இட நெருக்கடி தளர்ந்தது. 1988இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3 மொத்தம் 384 கிலோபைட். அங்கே நுணுக்கங்கள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. திரைச்சீலை விலகிக் கேம் தொடங்குகிறது; பெரிய வண்ணப் பலகைகளின் மூலைகளில் திருகாணிகள்; அவற்றின் நிழல் பின்னால் வானத்தின் மேலேயே விழுகிறது; லெவலின் முடிவில் மரியோ இருட்டான பக்கத்துக்குள் போகிறார். எல்லாம் ஒரு மேடை நாடகம் என்பதை மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ 2015இல் உறுதிப்படுத்தினார். இதை மனத்தில் வைத்தால் 1-3இன் ரகசியம் இயல்பாகத் தோன்றும்: முடிவை நெருங்கும் இடத்தில் உள்ள வெள்ளைப் பலகை மேல் குனிந்து, ஐந்தாறு விநாடி பட்டனை விடாமல் இருந்தால் மரியோ அரங்கப் பொருள்களுக்குப் பின்னால் விழுவார். அந்த நிலை சிறிது நேரம்தான் நீடிக்கும். உடனே வலப்பக்கம் ஓடி, முடிவுப் பெட்டியையும் கடந்து, இருட்டுக்குப் பின்னால் போனால் உலகங்களைத் தாண்டவைக்கும் வார்ப் விசில் கிடைக்கும். நடுவில் நின்றால் மரியோ முன்பக்கம் வந்துவிடுவார், விசில் போய்விடும்.

1996இன் சூப்பர் மரியோ 64இல் நுழையும் விதமே லெவலை மாற்றுகிறது. டிக் டாக் கடிகார லெவலுக்குள் குதிக்கும்போது பெரிய முள் 12இல் இருந்தால் உள்ளே எல்லாம் நின்றிருக்கும்; 3இல் மெதுவாக, 9இல் வேகமாக, 6இல் தாறுமாறாக அசையும். நிறுத்திவைத்தால் ஏறுவது எளிது. ஆனால் சில இடங்களுக்கு அசையும் பலகைதான் ஏணி, அவற்றுக்கு மெதுவான நேரம் தேவை. நீர் ஏறி இறங்கும் உலகத்தில், ஓவியத்தின் எந்த உயரத்தில் குதித்து நுழைகிறீர்களோ அதற்கேற்ப உள்ளே நீர்மட்டம் இருக்கும். கண்ணாடி அறையில் மரியோவின் பிம்பத்தோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்தொடரும் லகிட்டுவும் தெரிவார். பனி மனிதன் லெவலின் ஓவியம் அந்தக் கண்ணாடியில் மட்டும்தான் தென்படும், எதிரே வெறும் சுவராகத் தெரியும் இடத்தின் மேல் குதித்தால் உள்ளே போகலாம்.

இவற்றைச் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் பதிப்பைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைனில் உள்ள என்இஎஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) பதிப்பு அசல் கேம்தான். மைனஸ் உலகம், உயிர்ப்பெட்டிக் கணக்கு, கிரீடம் எல்லாம் அதில் கிடைக்கும். ஆட்டம் முடிந்த திரைக்குப் பின் ஏ பட்டனை அழுத்தியபடி ஸ்டார்ட் கொடுத்தால், எந்த உலகத்தில் தோற்றீர்களோ அதன் முதல் லெவலிலிருந்து தொடரலாம் என்பதால் ஒவ்வொரு முறையும் 1-1க்குத் திரும்ப வேண்டியதில்லை. 1993இல் சூப்பர் நிண்டெண்டோவுக்கு வந்த ஆல்-ஸ்டார்ஸ் தொகுப்பில் படங்கள் புதிதாக வரையப்பட்டன, மைனஸ் உலகத்துக்கான வழி அடைக்கப்பட்டது, செங்கல்லை உடைத்த பிறகு மரியோ எழும்பும் விதமும் மாறியிருக்கும். அதில் பழகிய கை அசலில் செங்கல் உடைத்துத் தாவும்போது தடுமாறும்.